குண்டுப் பையனும் அஞ்சு ரவுண்டும்

மூணு மாசம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். துரைப்பாக்கத்துல பொட்டி தட்டி முடிச்சு, ரேடியல் ரோட்டுல ஊர்ந்து, பல்லாவரம் சந்தைக் கூட்டத்துல நீந்தி, ஒரு வழியா பம்மல் வந்து சேர்ந்தா வீட்டுக்குள்ள ஒரே அழுகைச் சத்தம். பாத்ரூம்ல எங்க வீட்டு வாண்டு. அக்கா பையன், பத்து வயசு. அம்மா அவன் கழுத்தை பீர்க்கங்காய் நார் வெச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க. பயத்தமாவு ஒரு கிண்ணத்துல, எலுமிச்சம்பழம் அரை மூடி பக்கத்துல.

"எரியுது பாட்டி, விடு பாட்டி..."

"சும்மா இருடா. கழுத்தைப் பாரு, கரி அப்பின மாதிரி. என்னத்தைக் குளிக்கிறியோ!"

நான் போய் மீட்டுக்கிட்டு வந்தேன். தலை துவட்டும்போது மெதுவாக் கேட்டான். "மாமா, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நான் ஸ்கூலுக்கு லீவ் போட்டுக்கவா?" ஏன்டான்னா, செவ்வாய்க்கிழமை பி.டி. பீரியட். கிளாஸ் மொத்தமும் ரெண்டு ரவுண்டு ஓடுமாம். கடைசியா வர்றவன் இன்னும் அஞ்சு ரவுண்டு ஓடணுமாம். கடைசியா வர்றது எப்பவும் இவன்தான். இவன் ஓடும்போது மத்த பசங்க நிழல்ல உக்காந்து எண்ணுவாங்களாம். "சத்தமா எண்ணுவாங்க மாமா."

அந்த நாருக்கும், அந்த அஞ்சு ரவுண்டுக்கும் எதிரா எழுதறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்தருள்க.

முதல்ல அந்த நார்

அடுத்த வாரம் அக்காவும் நானும் அவனை குழந்தைகள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். எடை பார்க்கத்தான் போனோம். அந்தம்மா எடை மெஷினுக்கு முன்னாடி அவன் காலரை இறக்கி கழுத்தைத்தான் பார்த்தாங்க. அப்புறம் அக்குளை. "தேய்க்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. அக்கா தலையாட்டினா. "நிறுத்திடுங்க. அது அழுக்கு இல்லை."

விஷயம் இதுதான். ரத்தத்துல இருக்கற சர்க்கரையை தசைக்குள்ள அனுப்பற சாவி இன்சுலின். உடம்புல, அதுவும் வயித்துக்குள்ள, கொழுப்பு சேரச் சேர பூட்டு துருப்பிடிக்குது. ஒரு சாவி பத்தலைன்னு கணையம் ரெண்டு சாவி, நாலு சாவின்னு அனுப்பிக்கிட்டே இருக்கு. ரத்தத்துல ஓவரா சுத்தற அந்த இன்சுலின் தோலையும் தூண்டி விடுது. கழுத்து, அக்குள் மடிப்புல தோல் தடிச்சு, வெல்வெட் மாதிரி கறுத்துப் போகுது. கறுத்த கழுத்து எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு சொல்லலை, வேற காரணமும் இருக்கலாம். ஆனா எடை கூடின குழந்தைக்கு கழுத்து இப்படிக் கறுத்தா, அது உடம்பு போடற எர்ரர் மெசேஜ். நாம அதை பீர்க்கங்காய் நார் வெச்சு அழிக்கப் பார்க்கறோம். லாக் ஃபைலை டெலிட் பண்ணிட்டு பக் ஃபிக்ஸ் ஆயிடுச்சுன்னு டேமேஜர்கிட்ட சொல்ற மாதிரி.

நல்லவேளை, சர்க்கரை அளவு நார்மல். "இப்பவே புடிச்சுட்டோம். இவனுக்கு நான் எழுதற மருந்து விளையாட்டு"ன்னாங்க டாக்டர். அக்கா பாவம், சீட்டுல மருந்து பேரு தேடினா.

ரெண்டாவது, அந்த அஞ்சு ரவுண்டு

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நானும் குண்டுப் பையன்தான். ஏழாவது படிக்கும்போது என் பேரு எனக்கே மறந்து போற அளவுக்கு பட்டப்பேர். பூசணி, சிப்பம், பம்மல் கே. குண்டு (கமல் படம் வந்த ஊராச்சே, விடுவாங்களா!). எங்க பி.டி. சாருக்கும் இதே ரவுண்டு வைத்தியம்தான். என்னாச்சு? நான் ஒல்லியாகலை. ஓடறதை வெறுத்தேன். வெள்ளை டிரஸ் போடற நாள்ல வயித்து வலி வரவெச்சேன். காலேஜ்ல நாலு வருஷம் கிரவுண்டு பக்கமே தலை வெச்சுப் படுக்கலை. இருபத்தஞ்சு வயசுல கம்பெனி ஹெல்த் செக்கப்ல ஃபேட்டி லிவர்னு ரிப்போர்ட் வந்த அப்புறம்தான் ஷூ வாங்கினேன். அந்த சார் எனக்குக் கத்துக் கொடுத்த ஒரே பாடம், உடம்பை அசைக்கறது அவமானம்ங்கறது. அதை மறக்கப் பதிமூணு வருஷம் ஆச்சு.

சரி, செண்டிமெண்டை விடுங்க. கணக்கா பார்ப்போம். பத்து வயசுப் பையனோட சராசரி எடை முப்பது கிலோ சொச்சம். எங்காளு 52. இருபத்தஞ்சு கிலோ அரிசி சிப்பத்துல அஞ்சு கிலோவை டப்பால கொட்டிட்டு, மீதி மூட்டையை முதுகுல கட்டிக்கிட்டு நீங்க ரெண்டு ரவுண்டு ஓடுங்க. மூட்டையே இல்லாதவன்கூட ரேஸ். கடைசியா வந்தீங்கன்னா இன்னும் அஞ்சு. முட்டி என்னாகும்? மூச்சு என்னாகும்? மனசு என்னாகும்? அவன் சோம்பேறி இல்லைங்க. அந்த ரெண்டு ரவுண்டுலயே, முன்னால வந்தவனைவிட அதிக வேலை பார்த்தவன் அவன்தான்.

அப்ப ஓடவே வேணாமா? ஓடணும். எப்படி ஓட விடறோம்ங்கறதுதான் கேள்வி.

அமெரிக்காவுல ஜார்ஜியா மாகாணத்துல அகஸ்டாங்கற ஊர்ல ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. 2012-ல ஜாமா மருத்துவ இதழ்ல வந்துச்சு. 7-லிருந்து 11 வயசு வரைக்கும், எடை அதிகமான 222 பசங்க. குலுக்கல் முறையில மூணு குரூப். ஒரு குரூப்புக்கு தினம் 20 நிமிஷம், இன்னொண்ணுக்கு 40 நிமிஷம், வாரத்துக்கு 5 நாள் உடற்பயிற்சி. மூணாவது எப்பவும் போல. சுமார் 13 வாரம். முடிவு? பயிற்சி பண்ணின ரெண்டு குரூப்லயும் இன்சுலின் பூட்டோட துரு குறைஞ்சிருந்துச்சு, வயித்துக்குள்ள இருக்கற கொழுப்பும் குறைஞ்சிருந்துச்சு. 40 நிமிஷக்காரங்களுக்குப் பலன் இன்னும் கூட.

எனக்குப் புடிச்ச மேட்டர் அதில்லை. அவங்க என்ன பயிற்சி குடுத்தாங்கன்னு பாருங்க. ஓடிப்பிடிச்சு விளையாட்டு, ஸ்கிப்பிங், விதிகளை எளிசாக்கின பாஸ்கெட்பால், ஃபுட்பால். போட்டி கிடையாது, திறமைப் பரீட்சை கிடையாது. இதயம் நல்லா துடிக்கணும், புள்ளைங்க சந்தோஷமா இருக்கணும், அவ்வளவுதான். எண்ணுறதுக்கு ஆளை உக்கார வெச்சு ரவுண்டு ஓட விட்டதா எங்கயும் இல்லை.

நம்ம ஊர்ல இதுக்குப் பேரு கல்லா மண்ணா. ஏழு கல்லு. நொண்டி. கபடி. பத்து செகண்ட் பாய்ச்சல், கொஞ்சம் நிக்கிறது, மறுபடி பாய்ச்சல். குழந்தை உடம்பு இயல்பா வேலை செய்யற விதமே இப்படி விட்டு விட்டுத்தான். இருபது நிமிஷம் ஒரே சீரா ஓடறது பெரியவங்க கண்டுபிடிச்ச போர்.

"வளர்ற புள்ளை, தானா வடிஞ்சிரும்"

இது எங்கம்மா கட்சி. எல்லா வீட்லயும் ஒரு கிளை உண்டு. குண்டா இருந்தா செழிப்பு, ஒல்லியா இருந்தா கவனிப்பு பத்தலைன்னு நினைக்கற தலைமுறை. அவங்க பார்த்த காலம் அப்படி. குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கணக்கு வேற சொல்லுது.

2002-லயே டாக்டர் ராமச்சந்திரன் குழு சென்னையில 13 - 18 வயசுப் பள்ளிப் பசங்களை அளந்து பார்த்து, பையன்கள்ல 17.8 சதவீதம், பொண்ணுங்கள்ல 15.8 சதவீதம் எடை அதிகம்னு எழுதிட்டாங்க. அப்புறம் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சென்னைப் பள்ளிகள்ல சுமார் 19,000 பசங்களை அளந்தாங்க, 2014-ல வெளிவந்துச்சு. அரசுப் பள்ளியில எடை கூடினவங்க 3.6 சதவீதம். தனியார் பள்ளியில 21.4 சதவீதம். இன்னொரு தடவை படிங்க. 3.6, 21.4. உலக அளவுல போட்ட கணக்கு ஒண்ணு 2024-ல லான்செட்ல வந்துச்சு: இந்தியாவுல 5-லிருந்து 19 வயசுக்குள்ள உடல்பருமன் இருக்கறவங்க 1990-ல 4 லட்சம், 2022-ல 1 கோடியே 25 லட்சம்.

அரசுப் பள்ளிப் பசங்க எல்லாம் ஆரோக்கியமா இருக்காங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அங்க பல வீட்டுல சோறே அளவுதான். ஆனா நாம லட்சத்துல ஃபீஸ் கட்டி, வேன் வெச்சு, வீட்டு வாசல்ல ஏத்தி ஸ்கூல் வாசல்ல இறக்கி, ஏ.சி. கிளாஸ்ல உக்கார வெச்சு, என்னத்தை வாங்கறோம்னு அந்த ரெண்டு நம்பர் சொல்லுது.

கிரவுண்டு எங்கய்யா போச்சு?

எங்க ஊர்ல கிரவுண்டுங்கற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். பசங்களுக்கு, விளையாடற இடம். பெரியவங்களுக்கு, 2,400 சதுர அடி. ரெண்டாவது அர்த்தம் முதல் அர்த்தத்தைத் தின்னுடுச்சு. என் சின்ன வயசுல எங்க தெருவுல ரெண்டு காலி மனை. ஒண்ணுல கிரிக்கெட், இன்னொண்ணுல பந்து போனா பாம்பு. இப்ப ரெண்டுலயும் அபார்ட்மெண்ட். ஒண்ணுல நானே குடியிருக்கேன், ஹி ஹி. கீழ பார்க்கிங்ல ஒரு போர்டு: "இங்கு பந்து விளையாடக் கூடாது." மாட்டினது அசோசியேஷன். கையெழுத்துப் போட்டதுல அடியேனும் ஒருத்தன். கார்ல கோடு விழுந்துடுமாம். அவ்வ்வ்வ்...

ஸ்கூல் கதை கேளுங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையிலயே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்கணும்னு இருக்கு. ஒன்பதாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் தினம் ஒரு பீரியட் விளையாட்டுன்னு சி.பி.எஸ்.இ. 2018-லயே சொல்லிடுச்சு. 2024 நவம்பர்ல குழந்தைகள் தினத்தப்போ, அப்ப துணை முதல்வரா இருந்த உதயநிதி, பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீங்க, முடிஞ்சா கணக்கு, அறிவியல் பீரியடை விளையாட்டுக்குக் கடன் குடுங்கன்னு வாத்தியார்களைக் கேட்டுக்கிட்டாரு. மேடையில எல்லாரும் கை தட்டியிருப்பாங்க. திங்கக்கிழமை கணக்கு மிஸ் வந்து "போர்ஷன் முடியலை, பி.டி. சார்கிட்ட கேட்டுட்டேன்"னு சொல்லியிருப்பாங்க.

ஆனா நியாயமாப் பேசினா ஸ்கூலை மட்டும் திட்டக் கூடாது. பேரண்ட்ஸ் மீட்டிங்ல "ஏன் விளையாட விடலை?"ன்னு கேட்ட ஒரு அப்பாவை எனக்குக் காட்டுங்க. "ஏன் 92, ஏன் 98 இல்லை?"ன்னு கேக்கறவங்கதான் நாம. அஞ்சு மணிக்கு டியூஷன், ஆறரைக்கு அபாகஸ், எட்டுக்கு ஹோம்வொர்க். நடுவுல ஓடறதுக்கு நேரம் எங்க? அவன் கையில ஃபோன் குடுத்தா பத்து நிமிஷம் தொல்லை இல்லாம இருப்பான்னு குடுத்தது யாரு?

பொண்ணுங்க கதை இன்னும் மோசம். பன்னெண்டு பதிமூணு வயசாயிட்டா "பெரிய பொண்ணாயிட்ட, இன்னும் என்ன தெருவுல ஆட்டம்?"னு உள்ள இழுத்துக் கதவைச் சாத்திடறோம். எலும்பு கெட்டிப்படற வயசே அதுதான். அப்புறம் முப்பது வயசுல முட்டி வலின்னா "எங்க காலத்துல..."ன்னு ஆரம்பிப்போம்.

எதிர்க்கட்சிக்கு பதில்

ஒண்ணு: "சாப்பாட்டைக் குறைச்சா போதுமே?" சாப்பாடு முக்கியம்தான். எடையை மட்டும் எடுத்துக்கிட்டா, வெறும் விளையாட்டைவிட தட்டுல நடக்கற மாத்தத்துக்குத்தான் வலு அதிகம், மறுக்கலை. ஆனா வளர்ற புள்ளையைப் பட்டினி போட முடியாது. மால்ட் பவுடர், பாக்கெட் ஜூஸ், சாயங்கால பஃப்ஸ் இதையெல்லாம் நிறுத்தலாம். (அந்த மாதிரி பானங்களை ஹெல்த் டிரிங்க்ங்கற தலைப்புல வெச்சு விக்காதீங்கன்னு 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிடுச்சு. எங்க வீட்டு டப்பாவுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரலை.) இதயம், நுரையீரல், எலும்பு, தசை, தூக்கம், மனசு எல்லாம் தட்டுலேர்ந்து வராது. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் சாவி இல்லாமலே சர்க்கரையை உள்ள இழுத்துக்கும். துரு பிடிச்ச பூட்டுக்கு அதுதான் பின்கதவு.

ரெண்டு: "எடையே குறையலையே?" இதுதான் பெரிய பொறி. குழந்தைக்கு எடை மெஷின் பாதிப் பொய் சொல்லும். உயரம் ஏறிக்கிட்டிருக்கற உடம்பு அது. எடை அப்படியே நின்னு உயரம் ஏறினாலே ஜெயிச்ச மாதிரி. பெரியவங்களோட பி.எம்.ஐ. கணக்கை எடுத்து புள்ளைங்க மேல போடாதீங்க. வயசுக்கும் ஆண், பெண்ணுக்கும் தனித்தனி வளர்ச்சி அட்டவணையை இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2015-ல வெளியிட்டிருக்கு. ஒரே ஒரு மெட்ரிக்கை டாஷ்போர்டுல வெச்சுக்கிட்டு சிஸ்டம் டவுன்னு கத்தறவனை ஆபீஸ்ல என்ன சொல்லுவோம்?

மூணு: "ஜிம்ல சேத்துடவா? 21 நாள்ல அஞ்சு கிலோன்னு நோட்டீஸ் வந்துச்சு." கிழிச்சுப் போடுங்க. அஞ்சு கிலோ குறைஞ்சா தண்ணியும் தசையும்தான் பாதி போகும், மீதி நம்பிக்கை போகும். அதுக்காக வெயிட் தூக்கினா புள்ளை வளர மாட்டான்ங்கறதும் கட்டுக்கதை. கத்துக் குடுக்க ஆள் இருந்து, அளவாச் செஞ்சா தசைப் பயிற்சி குழந்தைகளுக்கும் நல்லதுதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது இது: 5-லிருந்து 17 வயசு வரைக்கும் சராசரியா தினம் 60 நிமிஷம் மூச்சு வாங்கற மாதிரி அசைவு, அதுல வாரம் மூணு நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை. ஒரே மூச்சுல 60 வேணாம், துண்டு துண்டாச் சேர்த்துக்கலாம். ட்ரெட்மில் வாங்கறதா இருந்தா பல்லாவரம் சந்தைக்கு வாங்க. நம்மள மாதிரி ஆளுங்க வாங்கி, துணி காயப்போட்டு, வித்ததெல்லாம் அங்கதான் இருக்கு.

நாலு: "ரோட்டுல எங்க விளையாடறது? தண்ணி லாரி ஏத்திடுவான்." இதுக்கு மட்டும் எங்கிட்ட பதில் இல்லை. உண்மை அது. பம்மல் மெயின் ரோட்டுல பெரியவனே உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறான். 2021-ல பம்மலை தாம்பரம் மாநகராட்சியில சேர்த்துட்டாங்க. பேரு பெருசாயிடுச்சு, பசங்களுக்கு இடமும் பெருசாகணும். ரோடு, சாக்கடைக்குப் பண்ற அளவு சத்தத்தை மைதானத்துக்கும் நாமதான் போடணும்.

எங்க வீட்டுல நடந்தது

பெருசா எதுவும் பண்ணலை. அக்கா அந்த ஸ்கூலுக்கு டாக்டர் சீட்டோட ஒரு லெட்டர் குடுத்தா. "அவன் நல்லதுக்குத்தானே மேடம் ஓட விட்டோம்"னாங்க. நல்லதுக்குன்னா எல்லாரையும் ஓட விடுங்கன்னா. இப்ப அஞ்சு ரவுண்டு நின்னுடுச்சு. பி.டி. பீரியட் இன்னும் கணக்கு மிஸ்கிட்டதான் இருக்கு, அது வேற பஞ்சாயத்து.

அசோசியேஷன் மீட்டிங்ல அந்தப் போர்டைக் கழட்டணும்னேன். ஒன்றரை மணி நேரம் சண்டை. கடைசியில சமரசம்: சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் மொட்டை மாடியும் பார்க்கிங்கும் பசங்களுக்கு, ரப்பர் பந்து மட்டும். முதல் நாள் மூணு பேர் வந்தாங்க, இப்ப பதினொண்ணு. கயிறு இழுக்கற ஆட்டத்துல எங்காளு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்குது. அவனைத் தங்க டீமுக்கு இழுக்கப் பசங்க சண்டை போடறதை முதல் தடவை பார்த்தேன். அவனும் முதல் தடவை பார்த்தான்னு நினைக்கறேன்.

வாரத்துல நாலு நாள் நடக்குது. ரெண்டு நாள் மழை, ஒரு நாள் டியூஷன் டெஸ்ட். அவ்வளவுதான் நம்ம யோக்கியதை.

மூணு மாசக் கணக்கு: எடை 52-லேர்ந்து 52.4. எங்கம்மா, "பார்த்தியா, ஏறித்தான் இருக்கு"ன்னு வெற்றிச் சிரிப்பு. உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் கூட. போன தீபாவளி டவுசர் இடுப்புல நழுவுது. மூணாவது மாடிக்கு நடுவுல நிக்காம ஏறறான். கழுத்து கறுப்பு இன்னும் இருக்கு, அதுக்கு நாளாகும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நார் மட்டும் இப்ப பாத்திரம் தேய்க்கப் போயிடுச்சு.

போன செவ்வாய்க்கிழமை பி.டி. பீரியட் இருக்கான்னு அவனே ஃபோன் பண்ணி ஃப்ரெண்டுகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தான். இல்லை, கணக்குன்னு பதில் வந்துச்சு போல. மூஞ்சி தொங்கிப் போச்சு.

அந்த மூஞ்சிக்காகத்தான் அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அக்காகூட நானும் போறேன். மார்க் பத்தி ஒரு வார்த்தை கேக்கறதா இல்லை. உங்க ஊர் மீட்டிங்ல நீங்களும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க மக்களே. என்ன பதில் வந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்லை. உங்க வீட்டுப் புள்ளைக்கு எடையோ, கழுத்தோ, மூச்சோ சந்தேகமா இருந்தா குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் கயிறு இழுக்க விடுங்க. பீர்க்கங்காயைத் துவையலுக்கு வெச்சுக்கோங்க.